நோயா, பிடிவாதமா என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டியதில்லை

வாசகர் கேள்விகள் – மனநல மருத்துவர் பதில்கள்

குழந்தைகள், பதின்பருவத்தினரின் மனநலம் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, 'இது வியாதியா, வீம்பா?' என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை கண்டுபிடித்துவிட்டு அதன்பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று காத்திருப்பதில்தான் மாதங்கள் வீணாகின்றன. விடை கண்டுபிடிப்பது எங்கள் வேலை. பிள்ளையை அழைத்து வருவது மட்டுமே உங்கள் வேலை.

*

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலை ஏழு மணி ஆனால் வயிற்று வலி, குமட்டல். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார்கள். மாமியார் கோயிலுக்கு அழைத்துப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வருவதில்லை என்பதால் நடிக்கிறாள் என்று என் கணவர் திட்டுகிறார். குழந்தைகள் நல மருத்துவர், மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டார். எங்கே போவது? நாளை கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இது தடையாக வந்துவிடாதா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை என்பது நடிப்புக்குச் சாட்சி ஆகாது. பயம் எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று நாமே சொல்கிறோம் அல்லவா? குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புத் தொடர்பு இருப்பதால், மனத்தில் ஏறிய பதற்றம் வயிற்றில் உண்மையான வலியாகவே இறங்குகிறது. உங்கள் மகளுக்கு வலிப்பது நிஜம். ஸ்கேனில் தெரியாத வலி என்பதால் அது பொய்யாகிவிடாது.

பள்ளி என்றால் வயிறு கலங்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பாடம் புரியாமல் இருக்கலாம், தோழிகள் ஒதுக்கி வைத்திருக்கலாம், போகிற பேருந்தில் ஒருவன் தொந்தரவு கொடுக்கலாம், மாதவிடாய் நாட்களில் போவதற்குக் கழிவறை இல்லாமல் இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு வெளியே எந்தக் காரணமும் இல்லாமல், மனப்பதற்றம் அல்லது மனச்சோர்வு என்ற நோயே காரணமாக இருக்கும். 'ஏன் போக மாட்டேன் என்கிறாய்?' என்று கேட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் வாயை மூடிக்கொள்வார்கள். 'எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், அரசு மருத்துவமனை ஒன்றில் நான் பணியாற்றியபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை இதே வயிற்று வலிக்காக அழைத்து வந்தார்கள். கையில் தடிமனான கோப்பு. மூன்று ஊர்களில் எடுத்த ஸ்கேன்கள். தாயை வெளியே உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் இருபது நிமிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, கையிலிருந்த ஓ.பி. சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்ததில், அதில் எழுதியிருந்த அவள் பெயரே வியர்வையில் கலைந்துபோயிற்று. நானும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு தரையைப் பார்த்தபடி, "ரெக்கார்டு நோட்டை எல்லார் முன்னாடியும் தூக்கி வெளியே எறிஞ்சுட்டாங்க சார்" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த அறிவியல் வகுப்பு வரும் நாட்களில் தொடங்கிய வலி, இரண்டு மாதத்தில் எல்லா நாட்களுக்கும் பரவியிருந்தது. நமக்குச் சிறியதாகத் தெரியும் ஒன்று பதினான்கு வயதில் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதை அந்த மாணவியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலை நேரத்தில் போய், ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும், கட்டணம் கிடையாது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருகிறது. எந்தக் கிழமை எங்கே வருகிறார்கள் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் திட்டம் நாட்டில் 1996-ஆம் ஆண்டு முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது அவற்றுள் ஒன்றாகத் திருச்சி இருந்தது. இவ்வளவு காலமாக நம் மருத்துவமனைகளில் நடக்கும் ஒரு சேவை பற்றி, மந்திரிக்கும் இடத்துக்கு வழி தெரிந்த குடும்பங்களுக்குக்கூடத் தெரியாமல் இருப்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு; எடுத்துச் சொல்லாதது எங்கள் துறையின் குறையே. கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். கயிறு கையிலேயே இருக்கட்டும். அதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

முதல் நாள் அங்கே ஊசி போட மாட்டார்கள், படுக்கையில் சேர்க்க மாட்டார்கள். பெரும்பாலும் பேச்சுதான். தூக்கம், பசி, படிப்பு, தோழிகள், வீட்டில் நடக்கும் சண்டை, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதையெல்லாம் கேட்பார்கள். மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி உங்களை வெளியே அனுப்பினால் சங்கடப்படாதீர்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுத் தாள்கள், முன்பு எடுத்த பரிசோதனை முடிவுகள், மாதவிடாய் தேதி, பள்ளிக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், அவசரத்தில் மறந்துபோகும் செய்திகள் விட்டுப்போகாது. கிளம்புவதற்கு முன், 'எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும், அதுவரை வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், பள்ளியில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?' என்ற மூன்றையும் கேட்காமல் வராதீர்கள்.

பள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதற்றத்தால் பள்ளியை விட்டு விலகிய பிள்ளைக்கு, விலகி இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது. குணமான பிறகு போகட்டும் என்று விட்டுவிடாமல், தலைமை ஆசிரியரிடம் பேசி, முதலில் இரண்டு பாடவேளை, பிறகு அரை நாள் என்று படிப்படியாகப் போக வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். ஆனால் அங்கே யாரோ அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரியவந்தால், அதைத் தீர்க்காமல் அனுப்பக்கூடாது.

கல்யாணம் பற்றிய உங்கள் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. நம் ஊரில் பெண்ணைப் பெற்ற யாருக்கும் அது வரும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை விவரங்களை மருத்துவமனை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஓ.பி. சீட்டு உங்கள் கையில்தான் இருக்கும். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் இருக்கும் ஒரு வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர் என்று கணக்காகிறது. உங்கள் மகள் அந்த மூவரில் ஒருத்தியாக இருந்தாலும் தனியாக இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோவது அவள் வாழ்க்கைக்குச் செய்யும் கேடு, மனநல மருத்துவரைப் பார்த்தாள் என்ற பேச்சு செய்யும் கேட்டைவிடப் பல மடங்கு பெரியது.

*

கேள்வி: பதினேழு வயது மகன் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையே போடுகிறான் என்று சந்தேகப்பட்டு, தூங்கும்போது பார்த்தேன். முன்கையில் வரிசையாகக் கீறல்கள். சில பழையவை, சில புதியவை. எழுப்பி அடித்துவிட்டேன். அவன் அழுதான், நானும் அழுதேன். இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.
– ஒரு தந்தை, திருப்பூர் மாவட்டம்

பதில்: ஐயா, அடித்ததற்கு மகனிடம் வருத்தம் தெரிவியுங்கள். 'பயத்தில் அடித்துவிட்டேன்' என்று தந்தை சொல்வது பிள்ளையின் காதில் வேறு எந்த அறிவுரையைவிடவும் ஆழமாக இறங்கும்.

அடுத்து, நேராகக் கேளுங்கள். 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்ற சொற்களிலேயே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள், அது உண்மையன்று. கேட்பதால் பாரம் இறங்குகிறதே தவிர ஏறுவதில்லை. தம்மைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரும் சாக விரும்புவதில்லை. தாங்க முடியாத உணர்ச்சி ஒன்றை அந்த வலியால் சற்று நேரம் அடக்கிக்கொள்பவர்களே பலர். ஆனால் யார் எந்த வகை என்பதைக் காயத்தின் ஆழத்தை வைத்து நீங்களோ நானோ ஊகிக்க முடியாது. அதனால்தான் கேட்க வேண்டும். அதனால்தான் சிறிய கீறலாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அவன் 'ஆம்' என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, இன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து, எலி மருந்து, பிளேடுகள் அனைத்தையும் அகற்றுங்கள் அல்லது பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் சர்க்கரை மாத்திரைப் பெட்டியும் இதில் அடங்கும். அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இளவயதில் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அடங்குகிறது. அது உச்சத்தில் இருக்கும் சிறிது நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை என்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது. எந்த நேரமானாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். கிளம்புவதா வேண்டாமா என்று தடுமாற்றமாக இருந்தால், 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணமில்லாமல், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104 சேவையிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் தொலைபேசி வழியே செவிகொடுக்கிறது. எண்: 044-24640050.

போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்ற அச்சத்தில் காயத்தை வீட்டிலேயே மறைத்துக் கட்டும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். அதைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள்.

*

கேள்வி: என் பதினாறு வயது மகளுக்கு மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது, அடிமையாகிவிடுவாள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பத்து நாள் கொடுத்தும் மாற்றம் இல்லை. நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், நாகர்கோவில்

பதில்: நிறுத்த வேண்டாம், பத்து நாள் போதாது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டத் தொடங்கவே 2 முதல் 4 வாரங்கள் ஆகும். இந்த வகை மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. குணம் தெரிந்தபின் சில மாதங்கள் தொடர்ந்து கொடுத்து, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். திடீரென்று நிறுத்தினால்தான் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும். அதைப் பார்த்துத்தான் 'அடிமையாகிவிட்டாள்' என்று சொல்கிறார்கள். தூக்கத்துக்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் பழக்கமாகக்கூடியவை என்பது உண்மை. சீட்டில் அப்படி ஏதேனும் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடமே கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில், இளவயதினர் சிலருக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அதனால் மருந்தே வேண்டாம் என்று ஆகாது. அந்த வாரங்களில் மகளைக் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொண்டு, இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறாள் என்றால் அடுத்த முறை வரச்சொன்ன தேதிக்குக் காத்திராமல் உடனே அழைத்துப் போக வேண்டும். மாத்திரையை நாள்தோறும் உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். அட்டையை அவளிடம் விட்டுவைக்க வேண்டாம். மாத்திரையோடு பேச்சுவழிச் சிகிச்சையும் தரப்படுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

*

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் 'பள்ளி' என்ற சொல்லைக்கூட ஐந்து விதமாக எழுதுவான். ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். நாலு அடி போட்டால் சரியாகிவிடுவான் என்கிறார் அவன் தந்தை. நான் என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: 'பள்ளி' என்ற சொல்லை ஐந்து விதமாக எழுதுகிறான் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களே, அந்த மாணவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. வாய்மொழியில் தெளிவும் எழுத்தில் இவ்வளவு குழப்பமும் சேர்ந்திருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார முடியாமை கவனக் குறைபாட்டினாலும் இருக்கலாம், படிக்க முடியாத அவமானத்தை மறைக்கும் துறுதுறுப்பாகவும் இருக்கலாம். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தூரத்துப் பார்வை சரியாக இல்லாத பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திய கதைகள் நம் பள்ளிகளில் ஏராளம்.

பள்ளி மாணவர் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு உங்கள் பள்ளிக்கு வரும்போது இவன் பெயரைத் தனியே குறித்துக் கொடுங்கள். அவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானவர்களின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்காக, உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. கற்றல் குறைபாடு உறுதியானால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றிருப்பதால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். பத்தாம் வகுப்பு வந்தபிறகு ஓடுவதைவிட, ஏழாம் வகுப்பிலேயே சான்றிதழுக்கான வேலையைத் தொடங்குவது நல்லது.

தந்தையிடம் 'உங்கள் மகனுக்குக் குறை' என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் வாயால் சொன்ன நல்ல பதில் ஒன்றையும், அதையே அவன் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அறிவு இருக்கிறது, எழுத்துக்கு வரும் வழியில் அடைப்பு இருக்கிறது என்று அவருக்கே புரியும்.

*

கேள்வி: தனியார் ஆலோசகர் ஒருவரிடம் என் மகனை ஆறு முறை அழைத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு மேல் செலவு. 'ஆழ்மனத்தைச் சுத்தம் செய்கிறேன்' என்றார். ஒன்றும் ஆகவில்லை. சரியானவரை எப்படி அடையாளம் காண்பது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் உரிமை இவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பரிசோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவர் வேலை, இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. முறையாகப் படித்தவர் அதைத் தயங்காமல் சொல்வார். 'ஆலோசகர்' என்ற பலகையை மட்டும் குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் மாட்டிக்கொள்ள முடிகிறது. அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் என்ன படித்தார், பிள்ளைகளோடு எவ்வளவு காலம் பணியாற்றினார், எப்போது மருத்துவரிடம் அனுப்புவார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். 'என்னிடம் தீராதது இல்லை', 'மருந்தைத் தூக்கிப் போடுங்கள்', 'இத்தனை அமர்வுக்கு முன்பணம் கட்டுங்கள்' என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சையின் நோக்கம் என்ன, எத்தனை வாரத்தில் மறுபடி மதிப்பிடுவார் என்பதை முதல் இரண்டு சந்திப்புகளுக்குள் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லத் தெரியாதவரிடம் ஏழாவது முறை போகத் தேவையில்லை.

சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. சிக்கல் கூடுதலாக இருந்து, குழந்தைகளுக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்களிடம் காட்ட வேண்டும் என்று அங்கே சொன்னால், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் அதன் விதிகளையும் படித்துப் பாருங்கள். உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு.

*

கேள்வி: என் மருமகள் இறந்து நாற்பது நாள் ஆகிறது. ஒன்பது வயதுப் பேரன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, விளையாடுகிறான், சிரிக்கிறான். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு தாத்தா, மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், ஐயா. பெரியவர்கள் துக்கத்தில் மூழ்கிக் கிடப்பார்கள். பிள்ளைகள் அதில் கால் நனைத்துவிட்டு ஓடிவிடுவார்கள், பிறகு மறுபடி வருவார்கள். விளையாட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு கேள்வி கேட்பான். அப்போது 'அம்மா தூங்குகிறாள்', 'ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லாதீர்கள். தூங்கவே பயப்படுவான், வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள், அதற்கு நீ காரணமில்லை என்று மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவது மிக முக்கியம், ஏனெனில் தான் அடம் பிடித்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று இந்த வயதில் பலரும் மனத்துக்குள் நினைத்துக்கொள்கிறார்கள். மாதங்கள் கழிந்தும் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, படுக்கையை நனைக்க ஆரம்பித்தாலோ, நானும் அம்மாவிடம் போகிறேன் என்று அடிக்கடி சொன்னாலோ அழைத்துப் போங்கள். மகளை இழந்தவர்போல் மருமகளுக்காக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அவன் எதிரில் அழலாம், தவறில்லை.

*

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படித்தது எதுவும் நிற்பதில்லை. எதற்கும் ஆசை இல்லை. நீட் பயிற்சிக்கு அப்பா கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நான் யாரிடமாவது பேச முடியுமா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடுச்சாமத்தில் வரும் விழிப்பு, நினைவில் நிற்காத பாடம், அற்றுப்போன ஆசை, இம்மூன்றும் சோம்பேறித்தனத்தின் அடையாளங்கள் அல்ல, மனச்சோர்வில் வரக்கூடியவை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, அதிலிருந்து வெளியே வந்து படித்தவர்களை எனக்குத் தெரியும்.

பேச முடியும். 14416 எண்ணில் உன் பெயரைச் சொல்லாமலேயே பேசலாம். அவர்கள் உன் அப்பாவை அழைத்துச் சொல்வதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் மாணவர்களுக்கானது. ஆனால் இரகசியத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு, அவற்றை முதலிலேயே உனக்குச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒருவருக்காவது அவர்கள் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்று, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரிடம் யாராவது பாலியல் அத்துமீறல் செய்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது அனைவருக்கும் கடமை. உனக்கு அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழை. தவறு செய்தது நீ இல்லை.

மருந்து தேவைப்பட்டால் உன் வயதில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதனால் என்றாவது ஒருநாள் அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கும், ஆனால் அதை நீ தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஆலோசகரோ நீ நம்பும் ஆசிரியரோ உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். கடன் வாங்கிக் கட்டிய தந்தைக்குப் பணம் பெரிதாகத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். என் சிகிச்சை அறையில், உன்னைப் போன்ற பிள்ளைகளின் தந்தையர் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து, 'முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கடனைப் பற்றி அவர்களில் ஒருவரும் பேசியதில்லை.

விடுதியில் கைபேசி அனுமதி இல்லை என்றால், காப்பாளரிடம் 'உடம்பு சரியில்லை, மருத்துவரிடம் பேச வேண்டும்' என்று கேள், அது பொய்யன்று. என்ன பேசுவது என்று வார்த்தை தேட வேண்டாம். 'எனக்கு மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கம் வரல' என்று எனக்கு எழுதியதையே சொல். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த மூன்று மணிக்கே பக்கத்துக் கட்டிலில் தூங்கும் தோழமையைத் தட்டி எழுப்பு, காப்பாளர் அறைக் கதவைத் தட்டு. 14416-இல் அந்த நேரத்திலும் ஆள் இருப்பார்கள்.